கண்ணளவும் கருவியளவும்



தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கும் கோல்ப் ஆட்டத்திற்கும் என்ன தொடர்பு என்று உங்களுள் சிலர் வினவக்கூடும். செல்வந்தர் ஆடும் ஆட்டம் என்பதுதான் நம் மக்களிடையே நிலவும் எண்ணம். ஆயினும், கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டப்புறங்களில் பிறந்து வளர்ந்த பலருக்கு அந்தப் பச்சைத் திடல் அயலானது அன்று. வெள்ளைக்காரத் துரைமார் ஆடிய நாள் தொட்டு, அவர்களின் மட்டைப் பைகளைச் சுமந்து நடந்தவர்களுள் நம்மவர் பலர் இருந்தனர். பை சுமப்பவரைக் ‘கேடி’ என்பார்கள். தமிழில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு என்பதால், சிறுவயதில் “எங்கள் அண்ணன் கேடி வேலை பார்க்கிறார்” என்று வகுப்பில் சொல்லிச் சிரிப்புக்கு ஆளானவன் நான்.

என் பெரியண்ணன் தமது பதினான்காம் வயதில் பை சுமக்கத் தொடங்கினார். அப்பா இறந்த ஆண்டு அது. நாங்கள் ஐவர். அண்ணன் சுமந்த பைகளின் கூலியில்தான் நான் படிவம் ஆறு வரை படித்தேன். ஆசிரியர் பயிற்சிக்கும் சென்றேன். பள்ளி விடுமுறை நாள்களில் நானும் அவருக்குப் பின்னால் திடலுக்குப் போய்ப் பந்து பொறுக்கியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தால் பின்னாளில் பழைய மட்டைகள் சிலவற்றை வாங்கிக்கொண்டு, ஞாயிறு காலைகளில் ஒன்பது குழித் திடலில் ஆடக் கற்றுக்கொண்டேன். ஆட்டத்தில் நான் பெரும்புள்ளி அல்லன். என் மட்டையிலிருந்து பறக்கும் பந்துகளுள் பாதி, மரத்தைத்தான் நலம் விசாரிக்கும்.

இரண்டாண்டுகளுக்கு முன், ஆசிரியர் தினத்தன்று, என் பழைய மாணவர் ஒருவர் ஒரு சிறு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் இப்போது பொறியியலாளர். பெட்டிக்குள் உள்ளங்கையில் அடங்கும் கருவி ஒன்று இருந்தது. பார்ப்பதற்கு ஒற்றைக்கண் தொலைநோக்கி போல் இருந்தது. லேசர் கொண்டு தொலைவை அளக்கும் கருவி அது. லேசரைத் தமிழில் ‘சீரொளி’ என்கிறோம். ஆகவே இதனைச் சீரொளித் தொலைவுமானி எனலாம். கட்டுரையின் எஞ்சிய பகுதியில் ‘தொலைவுமானி’ என்றே குறிப்பிடுகிறேன்.

கருவி அளக்கும் விதம்

கோல்ப் ஆட்டத்தில் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர்தான். அக்குழியில் நிற்கும் கொடிக்கம்பு ஏறத்தாழ ஓர் ஆள் உயரத்தைச் சற்று விஞ்சும். பந்து கிடக்கும் இடத்திலிருந்து கொடிக்கு எத்தனை மீட்டர் என்று தெரிந்தால்தான் எந்த எண் மட்டையை எடுப்பது என்று முடிவு செய்யலாம். எனக்கு ஏழாம் எண் மட்டை 120 மீட்டர் போகும். ஆறாம் எண் 130 போகும். பத்து மீட்டர் பிசகினால் பந்து மணற்குழியில் கிடக்கும்.

தொலைவுமானியின் விசையை அழுத்தியதும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளித்துடிப்புகள் புறப்படுகின்றன. அவை கொடியில் பட்டுத் தெறித்துத் திரும்பும் நேரத்தைக் கருவி கணக்கிடுகிறது. ஒளி ஒரு வினாடியில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். கொடி 150 மீட்டர் தொலைவில் இருந்தால், போய்வரும் வழி 300 மீட்டர். அதற்கு ஆகும் நேரம் ஒரு வினாடியில் மில்லியனில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், ஒரு வினாடியில் பில்லியனில் ஏழு பங்கு அளவு நேர வேறுபாட்டைக் கருவி உணர வேண்டும். கைக்கடக்கமான பெட்டி ஒன்று இதனைச் செய்கிறது என்பதை எண்ணும்போது, அறிவியல் பாடம் நடத்தும் எனக்கே வியப்பாக உள்ளது.

இதற்கு முன்பு இருந்த கண்ணாடிக் கருவிகள் வேறு முறையில் இயங்கின. கொடிக்கம்பின் உயரம் இவ்வளவு என்று வைத்துக்கொண்டு, அது எவ்வளவு சிறிதாகத் தெரிகிறது என்பதைக் கோடுகளோடு ஒப்பிட்டுத் தொலைவை ஊகிப்பார்கள். அதற்கும் முன்பு காலடிதான் அளவுகோல். ஜாக் நிக்லாஸ் 1961ஆம் ஆண்டில் பெபிள் பீச்சில் நடந்த அமெரிக்க அமெச்சூர் போட்டியின்போது, நண்பர் டீன் பீமனின் யோசனைப்படி திடலைக் காலால் அளந்து குறித்துக்கொண்டு ஆடி வெற்றி பெற்றார்.

இக்கருவியை ஆட்டத்தில் பயன்படுத்தலாமா என்பதும் நெடுங்காலம் வழக்காக இருந்தது. 2006ஆம் ஆண்டில், அந்தந்தத் திடலின் குழு விரும்பினால் இடம் கொடுக்கலாம் என்று விதி வந்தது. 2019ஆம் ஆண்டு முதல், குழு தடைசெய்யாதவரை எங்கும் பயன்படுத்தலாம் என்று மாற்றினார்கள். 2021ஆம் ஆண்டு பிஜிஏ வாகையர் போட்டியில், ஆடவருக்கான பெரும்போட்டி ஒன்றில் முதன்முறையாக இதற்கு இடமளித்தார்கள். ஐம்பது வயதில் பில் மிக்கல்சன் வென்ற போட்டி அதுதான். ஒன்று மட்டும் கூடாது. மேடுபள்ளத்தைக் கணக்கிட்டு, “இத்தனை மீட்டருக்கு அடி” என்று கருவி சொல்லும் வசதியைப் போட்டியில் அணைத்துவிட வேண்டும். நேர்க்கோட்டுத் தொலைவைக் கருவி சொல்லலாம். மேட்டை மனிதனே கணிக்க வேண்டும்.

அண்ணனுக்கும் கருவிக்கும் நடந்த போட்டி

கருவி கைக்கு வந்த ஞாயிறன்றே அண்ணன் வேலை பார்க்கும் திடலுக்குக் கொண்டு சென்றேன். அவருக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. பக்கி வண்டிகள் வந்த பிறகு நடந்து பை சுமக்கும் கேடிகளின் எண்ணிக்கை அங்கே மிகவும் குறைந்துவிட்டது. எஞ்சியிருந்தவர்களுள் அண்ணன்தான் மூத்தவர். “எவ்வளவு தூரம்?” என்று கேட்டால், கொடியை ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார், எண்ணைச் சொல்வார். அந்த எண்ணை யாரும் மறுத்து நான் கண்டதில்லை.

அன்று ஒவ்வொரு குழியிலும் முதலில் அண்ணனைக் கேட்டேன். பிறகு விசையை அழுத்தினேன். அவர் 126 என்றார். கருவி 127 என்றது. அவர் 93 என்றார்; கருவி 92 என்றது. ஆறாம் குழியில் அவர் 148 என்றார். கருவியோ 171 என்றது. நான் வெற்றிப் புன்னகையுடன் திரையைக் காட்டினேன். அண்ணன் திரையைப் பார்க்கவேயில்லை.

“தம்பி, உன் மெசின் பின்னால இருக்கிற மரத்தப் பாத்துப் பேசுது. கொடியப் பாக்கல.”

கொடிக்குப் பின்னால் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நின்றது. கை நடுங்கியதால் ஒளி கொடியைத் தவறவிட்டு மரத்தில் பட்டுத் திரும்பியிருந்தது. மூச்சை அடக்கி மறுபடியும் அளந்தேன். 147.

ஏழாம் குழி மேட்டில் உள்ளது. “தூரம் 132. ஆனா 140க்கு அடி” என்றார். கருவி நேர்த்தொலைவை 132 என்றும், மேட்டையும் சேர்த்தால் 139 என்றும் காட்டியது. எனக்கு உடல் சிலிர்த்தது. நாற்பத்தெட்டு ஆண்டு நடை ஒரு மனிதனுக்குள் இத்தகைய அளவுகோலை வைத்திருக்கிறதே என்று வீடு திரும்பும் வழியெல்லாம் மனைவியிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். பெருமையில் திளைத்திருந்தேனே அன்றி, அன்று நான் கவனித்திருக்க வேண்டியதைக் கவனிக்கவில்லை.

அயல் திடலில்

சில மாதங்கள் கழித்து, முன்னாள் மாணவர் சிலர் பள்ளி நூலகத்திற்கு நிதி திரட்டுவதற்காகப் பேராக் மாநிலத்தில் ஒரு நட்புமுறைப் போட்டிக்கு ஏற்பாடு செய்தார்கள். அண்ணனை எனக்குக் கேடியாக அழைத்தேன். முதலில் தயங்கினார். “அது எனக்குத் தெரியாத எடம்டா” என்றார். அடக்கத்தால் சொல்கிறார் என்று நான் எண்ணிக்கொண்டேன். வற்புறுத்தி அழைத்துச் சென்றேன்.

இரண்டாம் குழியில் 150 என்றார். கருவி 138 என்றது. எனக்கு ஒரு விளக்கம் உடனே கிடைத்தது. அண்ணன் இளமையில் தொழில் கற்றது கெசக் கணக்கில். 150 கெசம் என்பது ஏறத்தாழ 137 மீட்டர். புதிய இடத்தில் பழைய கணக்கு நாவில் வந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டேன். நான்காம் குழியில் 110 என்றார். கருவி 101 என்றது. கெசமாக வைத்துப் பார்த்தால் அதுவும் சரியாகவே பொருந்தியது. என் விளக்கத்தில் எனக்கு ஐயமே எழவில்லை.

ஐந்தாம் குழியில் 145 என்றார். கருவி 121 என்றது. 145 கெசம் 133 மீட்டர் ஆகும். எந்தக் கணக்கிலும் பொருந்தவில்லை. மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் 121.

“பேட்டரி தீந்திருக்கும்” என்றார் அண்ணன்.

அப்போது நான் சொன்ன சொல்லை இன்றும் நினைத்து நாணுகிறேன். என் பழைய மாணவர்கள் மூவர் அருகில் நின்றார்கள். அவர்கள் கேட்க, “அண்ணே, கருவி பொய் சொல்லாது” என்றேன். அண்ணன் மறுமொழி கூறவில்லை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னே நடந்தார். அடுத்த இரண்டு குழிகளிலும் நான் தொலைவு கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

எட்டாம் குழியில் என் மனம் வேறு எதையோ ஐயுறத் தொடங்கியது. அந்தத் திடலில் குழி முன்பக்கம் இருந்தால் சிவப்புக் கொடி, நடுவில் இருந்தால் வெள்ளை, பின்பக்கம் இருந்தால் நீலம். “அண்ணே, என்ன நிறக் கொடி?” என்று மெல்லக் கேட்டேன். சற்று நேரம் உற்றுப் பார்த்தார். “வெள்ளை” என்றார். நூற்று இருபது மீட்டர் தொலைவில் நீலக்கொடி காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

தொலைவுமானியை அவர் கையில் கொடுத்தேன். அதன் கண்ணாடி பொருளை ஆறு மடங்கு பெரிதாக்கிக் காட்டும். வலக்கண்ணில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு இறக்கினார்.

“ஒண்ணும் தெரியலடா தம்பி. ஒரே புகையா இருக்கு.”

நான் படிக்கத் தவறிய குறிப்புகள்

வரும் வழியில் வண்டியில் அமர்ந்து அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். மூன்றாண்டுகளாகவே பார்வை மங்கி வந்ததாம். தம் திடலில் அவருக்குக் கண் தேவைப்படவில்லை. எந்த மேடு, எந்த நீர்க்குழாய் மூடி, எந்தப் பனைமரத்தின் நிழல் என்பதெல்லாம் காலுக்கே தெரியும். நாள்தோறும் விடியற்காலையில் குழியை இடம் மாற்றிவைக்கும் தொழிலாளரைத் தேடிச் சென்று, “இன்னிக்கு எங்க வச்சிருக்க?” என்று கேட்டுக்கொள்வார். கொடியை நிமிர்ந்து பார்ப்பதெல்லாம் வெறும் வழக்கம். பந்து பறந்து விழும் இடம் தெரியாததால், “எங்க விழுந்துச்சுன்னு நெனக்கிறீங்க?” என்று ஆட்டக்காரரையே கேட்பார். அதனை மரியாதை என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆறாம் குழியில் கருவி மரத்தைப் பார்த்ததை அவர் கண்ணால் கண்டு சொல்லவில்லை. அங்கே மரம் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

“ஏன் அண்ணே சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

“கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா எவன்டா பை குடுப்பான்? இப்பவே ஆளாளுக்கு இந்த மெசின வச்சிருக்கான். தூரம் கேக்க யாருமில்ல. பை தூக்கவாவது கூப்பிடுறாங்க.”

கேடிக்கு மாதச் சம்பளம் இல்லை. சுற்றுக்கு இவ்வளவு என்று கூலி. அதற்கு மேல் ஆட்டக்காரர் மனமுவந்து கொடுப்பது. ஓய்வூதியம் என்ற பேச்சே இல்லை. மாதம் தவறாமல் ஊதியம் பெறும் நான், அண்ணனின் அந்த அச்சத்தை ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு, அவர் தொழிலின் மிச்சத்தையும் அழிக்கவல்ல கருவியை அவர் முகத்திற்கு நேரே நீட்டி, விளையாட்டுப் போட்டி வேறு நடத்தியிருக்கிறேன்.

மறுவாரம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். இரு கண்களிலும் கண்புரை. வலக்கண்ணில் முற்றிய நிலை. நெடுநாள் நீரிழிவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் மருத்துவர். கண்ணுக்குள் இருக்கும் வில்லை கலங்கிப்போவதுதான் கண்புரை. அழுக்கேறிய சன்னல் வழியே பார்ப்பது போல் உலகம் தெரியும். அண்ணன் ஏன் எப்போதும் கூடுதலாகவே தொலைவு சொன்னார் என்ற என் ஐயத்தையும் அங்கேயே கேட்டேன். மருத்துவர் சிரித்துக்கொண்டே, பனிமூட்டத்தில் மலையைப் பார்த்ததுண்டா என்று கேட்டார். மங்கலாகத் தெரியும் பொருளை நம் மூளை தொலைவில் இருப்பதாகவே கருதும். அண்ணனின் கணக்கு பிசகவில்லை. கணக்குக்குக் கிடைத்த படம்தான் பிசகியிருந்தது.

சில மாதக் காத்திருப்புக்குப் பின் வலக்கண்ணில் அறுவை செய்தார்கள். கலங்கிய வில்லையை அகற்றிவிட்டுச் செயற்கை வில்லையைப் பொருத்தினார்கள். அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் கட்டைப் பிரித்தபோது அண்ணன் முதலில் பார்த்தது அண்ணியின் சேலையைத்தான். “இது ஊதாவா? நான் இத்தன நாளா சாம்பல்னு நெனச்சேன்” என்றார். அண்ணி அழுதுவிட்டார்.

மீண்டும் திடலில்

மருத்துவர் இசைவு தந்தபின், ஒரு ஞாயிறு காலை இருவரும் திடலுக்குப் போனோம். இம்முறை தொலைவுமானியைப் பையின் அடியிலேயே வைத்திருந்தேன். அண்ணன்தான் கேட்டு வாங்கினார். “எடு அத. நான் சொல்றேன், நீ அழுத்து” என்றார்.

திடலின் ஓரத்தில் அவருக்கும் பழக்கமில்லாத புதிய பயிற்சிக் கொடி ஒன்று நட்டிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தார். இம்முறை உண்மையாகவே பார்த்தார். “நூத்தி முப்பது” என்றார்.

அழுத்தினேன். 138.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எண்ணை மாற்றிச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார்.

“எல்லாம் கிட்ட வந்துருச்சுடா தம்பி. மறுபடியும் மொதல்ல இருந்து பழகணும்.”

அன்று முதல் தொலைவுமானி அவரிடம்தான் இருக்கிறது. ஆட்டக்காரர் வருவதற்கு முன்பே திடலில் நின்று, தாமே ஓர் எண்ணைச் சொல்லிக்கொள்வார். பிறகு விசையை அழுத்திச் சரிபார்ப்பார். பள்ளிப்பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பது போல் அவர் முணுமுணுத்துக்கொண்டு நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். இப்போது இரண்டு மூன்று மீட்டருக்குள் வந்துவிட்டார். காற்று எப்பக்கம் அடிக்கிறது, காலை ஈரத்தில் பந்து எவ்வளவு ஓடும், இந்த ஆட்டக்காரரின் தோள் இன்று எப்படி இருக்கிறது என்பனவற்றைக் கருவி சொல்வதில்லை. அவற்றை அவரே சொல்கிறார். இடக்கண்ணுக்கு அடுத்த ஆண்டு அறுவை செய்ய நாள் குறித்திருக்கிறார்கள்.

எம். ராமையா, பெ. குணசேகரன் போன்ற மலேசிய ஆட்டக்காரர்கள் அயல்நாட்டுப் போட்டிகளில் ஆடிய செய்தி வரும்போதெல்லாம் நாம் பெருமை கொண்டோம். பெயரும் படமும் வராமல் பை சுமந்தே வாழ்ந்து முடித்தவர் எத்தனை பேரோ! என் அண்ணனும் அவர்களுள் ஒருவர். அதற்காகவே இதனை எழுதினேன்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்நிகழ்ச்சிக்குப் பிறகு என் வகுப்பறையை நான் பார்க்கும் பார்வை மாறியிருக்கிறது. வெண்பலகையில் எழுதியதைத் தவறாகப் பெயர்த்தெழுதும் மாணவனைச் சோம்பேறி என்று முன்பு கடிந்திருக்கிறேன். பக்கத்து மாணவனின் ஏட்டை எட்டிப் பார்ப்பவனைக் ‘காப்பி அடிக்கிறான்’ என்று எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். இப்போது முதலில் அவனை முன்வரிசைக்கு அழைக்கிறேன். பலகையில் உள்ளதைப் படிக்கச் சொல்கிறேன். சென்ற ஆண்டில் இருவரின் பெற்றோரிடம் கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும்படி சொன்னேன். இருவருக்குமே கண்ணாடி தேவைப்பட்டது.

வள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பை இருமுறை வைத்தார். பொருட்பாலில் 71ஆம் அதிகாரம். இன்பத்துப்பாலில் 110ஆம் அதிகாரம். இரண்டையும் பல ஆண்டுகள் பிறருக்கு விளக்கியவன் நான். உடன்பிறந்த அண்ணனின் முகக்குறிப்பை அறிவதற்கு எனக்கு ஒரு கருவி தேவைப்பட்டது.

உங்கள் வீட்டிலும் மூத்தவர்கள் இருப்பார்கள். “எல்லாம் நல்லாத்தான் தெரியுது” என்று அவர்கள் சொன்னால், அத்துடன் விட்டுவிடாதீர்கள். சாலைக்கு அப்பால் நிற்கும் பேருந்தின் எண்ணைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பலர் முன்னிலையில் கேட்காதீர்கள், தனியே கேளுங்கள்.